போனில் போட்ட ஃபில்டரும் மகள் தேடிய பக்கமும்

சவுதியில், தம்மாமில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். குடும்பம் தேவிபட்டினம் பக்கம். மகனுக்கு 14 வயது, மகளுக்கு 12. இரண்டு பேர் போனிலும் கூகுளின் ஃபேமிலி லிங்க் போட்டு அங்கிருந்தே கவனித்துக்கொள்கிறார். போன மாதம் வேலை நேரத்தில் அவர் போனில் ஓர் அறிவிப்பு வந்து விழுந்திருக்கிறது: மகள் ஒரு பக்கத்தைத் திறக்க அனுமதி கேட்கிறாள். பார்த்தால் மாதவிடாய் பற்றிய பக்கம். கொடுக்கவும் மனம் வரவில்லை, மறுக்கவும் வரவில்லை, அப்படியே விட்டுவிட்டார். "ஃபில்டரை எடுத்துவிடலாமா? எடுத்தால் பையன் கெட்டுப்போவானே" என்பது கேள்வி.

எடுக்க வேண்டாம் தம்பி. ஆனால் நீங்கள் போட்டிருப்பது ஃபில்டர் இல்லை, பூட்டு. ஃபேமிலி லிங்கில் இணையதளங்களுக்கு மூன்று நிலை உண்டு. எல்லாத் தளங்களையும் திறந்துவிடுவது ஒன்று. ஆபாசத் தளங்களை முடிந்தவரை தடுக்க முயல்வது இன்னொன்று. மூன்றாவது, நீங்கள் அனுமதித்த தளங்கள் மட்டும் திறப்பது. உங்கள் மகளின் போன் மூன்றாவதில் இருப்பதாகத்தான் தெரிகிறது. அந்த நிலையில் ஆறு வயதுப் பிள்ளையின் போன் இருக்கலாம். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அது சரிப்படாது. நடுவில் உள்ளதற்கு மாற்றுங்கள். கேள்விக்கு நேரான பதில் இவ்வளவுதான். ஆனால் அந்த அறிவிப்பை நீங்கள் இன்னும் மறக்கவில்லை என்று கேள்வியின் தொனியே சொல்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே பேசலாம்.

அந்தப் பிள்ளை பக்கமிருந்து பாருங்கள். ஏதோ ஒரு சந்தேகம். அம்மாவிடம் கேட்கக் கூச்சம், அல்லது அம்மா கைவேலையாக இருந்தாள். போனில் தேடுகிறாள். 'பெற்றோரிடம் அனுமதி கேள்' என்று திரையில் வருகிறது. அதைத் தட்டினால் கேள்வி கடல் தாண்டி அப்பாவிடம் போகும் என்று அவளுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ. தெரியாமல் தட்டியிருந்தால், தெரிந்த நாளிலிருந்து தட்டவே மாட்டாள். தெரிந்தே தட்டியிருந்தால், உங்கள் மேல் அவளுக்கு இருக்கும் நம்பிக்கை இந்த ஊரில் பல அப்பாக்களுக்குக் கிடைக்காத ஒன்று.

நான் உச்சிப்புளியில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவன். பிறகு பள்ளிகளுக்கு கம்ப்யூட்டர் லேப் அமைத்துக் கொடுக்கும் வேலை. வீட்டுக்காரி கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். ஆக ஒரே விஷயத்தின் இரண்டு முனையும் எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் சந்திக்கும். நான் எதைத் தடுத்தேன் என்று சொல்வேன். தடுத்ததால் அவளிடம் என்ன கேள்வி வந்தது என்று அவள் சொல்வாள்.

2011ல் மத்திய அரசு சைபர் கஃபேகளுக்கு விதி கொண்டுவந்தது. தடுப்பு நாலரை அடி உயரத்தைத் தாண்டக் கூடாது, வருகிறவர்களின் அடையாள அட்டையைப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும், ஆபாசத்தைத் தடுக்கும் மென்பொருளைப் பற்றியும் அதில் சொல்லியிருந்தார்கள். நானும் ஒன்றை வாங்கிப் போட்டேன். ஒரு வாரத்துக்குள் நர்சிங் படிக்கும் பிள்ளை ஒருத்தி மார்பகப் புற்றுநோய் பற்றிக் கட்டுரை எழுத வந்தாள். திரையில் சிவப்பாக ஒரு கை, 'தடை செய்யப்பட்டது'. அந்தப் பிள்ளை முகம் சுருங்கிப்போய், ஏதோ தப்புச் செய்துவிட்டவள் மாதிரி காசைக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அதே நேரம் மூலை மேசையில் பையன்கள் இருவர் பென் டிரைவில் கொண்டுவந்ததை நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் காசு கொடுத்து வாங்கிய மென்பொருள் பென் டிரைவ் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இது ஏன் இப்படி நடக்கிறது என்று புரிந்துகொண்டால் உங்களுக்குப் பாதிக் கவலை குறையும். ஃபில்டர் எதையும் படித்துப் புரிந்துகொண்டு தடுப்பதில்லை. பழைய வகை, சொல்லைப் பார்க்கும். பட்டியலில் உள்ள எழுத்துக்கூட்டம் எங்கே வந்தாலும் தடுக்கும். இங்கிலாந்தில் ஸ்கன்தார்ப் என்று ஓர் ஊர். அந்த ஊர்ப் பெயரின் ஆங்கில எழுத்துகளுக்கு நடுவில் ஒரு கெட்ட வார்த்தை ஒளிந்திருக்கிறது. 1996ல் அமெரிக்கா ஆன்லைன் நிறுவனத்தின் ஃபில்டர், அந்த ஊர்க்காரர்களைத் தங்கள் ஊர்ப் பெயரைப் போட்டுக் கணக்குத் தொடங்கவே விடவில்லை. அடுத்த வகை, தளங்களை ரகம் பிரித்து வைத்த பட்டியலைப் பார்க்கும். தளத்தின் பெயரைக் கேட்டதும், இது ஆபாசம், இது சூதாட்டம் என்று வழியிலேயே மறித்துவிடும். இதற்கு டிஎன்எஸ் ஃபில்டர் என்று பெயர். பட்டியலைத் தயாரித்தவர் எந்த ரகத்தில் போட்டாரோ அதுதான் விதி. 2020 ஏப்ரல் 1 அன்று கிளவுட்ஃபிளேர் நிறுவனம் குடும்பங்களுக்காக 1.1.1.3 என்ற சேவையைத் தொடங்கியது. முதல் நாளே, ஆபாசம் துளியும் இல்லாத, தன்பாலீர்ப்பாளர், திருநர் போன்ற பால் சிறுபான்மையினரின் தளங்கள் அதில் தடைபட்டன. தவறான ரகப் பட்டியலை எடுத்துப் போட்டுவிட்டோம் என்று நிறுவனமே மன்னிப்புக் கேட்டுச் சரிசெய்தது. பிரிட்டனில் 2013ல் இணைய நிறுவனங்கள் வீட்டு இணைப்புக்கே ஃபில்டர் கொடுக்கத் தொடங்கியபோது, டாக்டாக் நிறுவனத்தின் ஃபில்டர் இளைஞர்களுக்கான ஒரு பாலியல் கல்வித் தளத்தையும், எடின்பரோவில் வன்கொடுமைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் மையத்தின் தளத்தையும் மறித்ததை பிபிசி கண்டுபிடித்துச் சொன்னது.

இதற்கெல்லாம் ஒரு கணக்கும் இருக்கிறது. பழைய கணக்குதான், ஆனால் இன்றைக்கும் இதைவிடத் தெளிவாக யாராவது காட்டியதாக எனக்குத் தோன்றவில்லை. 2002ல் அமெரிக்காவின் கைசர் ஃபேமிலி ஃபவுண்டேஷனுக்காக, பள்ளிகளிலும் நூலகங்களிலும் போடும் ஃபில்டர்களைச் சோதித்துப் பார்த்தார்கள். மிகத் தளர்வாக வைத்தபோது ஆபாசத் தளங்களில் 87 சதவீதம் தடைபட்டன, உடல்நலத் தளங்களில் 1.4 சதவீதம் தடைபட்டன. மிக இறுக்கமாக வைத்தபோது ஆபாசம் 91 சதவீதம். உடல்நலம்? 24 சதவீதம். நாலு சதவீதம் ஆபாசத்தைக் கூடுதலாகப் பிடிக்கப் போய், நல்லதில் கால் பங்கு போய்விட்டது. ஆணுறை, பாதுகாப்பான உறவு என்று தேடினால் தளர்வான நிலையிலேயே பத்தில் ஒன்று போலத் தடை.

நம் ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வலைக்கண்ணைச் சின்னதாக்கினால் என்ன வரும் என்று பாம்பனில் ஒரு சின்னப் பையனைக் கேட்டால்கூடச் சொல்வான். இறால் கொஞ்சம் கூடும், சங்காயம் என்கிற கழிவு மீன் மலையாகக் குவியும், நாளைக்கு வளர வேண்டிய குஞ்சு எல்லாம் அதில் கிடக்கும்.

நம் நாட்டிலும் தடை போடாமல் இல்லை. 2015ல் 857 தளங்களை மூடச் சொன்னார்கள், எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் தளர்த்தினார்கள். 2018ல் உத்தராகண்ட் உயர்நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 827 தளங்கள் மூடப்பட்டன. அந்த உத்தரவுக்குப் பின் பையன்கள் திருந்திவிட்டார்கள் என்று நான் பார்க்கவில்லை. தடையைச் சுற்றிக்கொண்டு போக உதவும் விபிஎன் என்ற சொல் உச்சிப்புளி வரை வந்து சேர்ந்தது, அதுதான் நான் பார்த்த மாற்றம்.

உங்கள் பையனைப் பற்றிய பயத்துக்கு வருகிறேன். ஃபில்டர் காவல் காப்பது ஒரு வாசலை மட்டும். வாட்ஸ்அப்பில் வருவதை அது பார்க்காது, டெலிகிராமில் வருவதைப் பார்க்காது. மீன்பிடித் தடைக்காலத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும்போது, படகு நிழலில் உட்கார்ந்து அண்ணன்மார் பார்க்கும் போனை எட்டிப் பார்ப்பவனை எந்த ஃபில்டரும் தடுக்காது. 14 வயதுப் பையன் ஒன்றுமே பார்த்திருக்க மாட்டான் என்று வைத்துக்கொண்டு திட்டம் போடாதீர்கள். பார்த்தான் என்றால், பார்த்தது நடிப்பு என்றும், நிஜத்தில் மனிதர்கள் ஒருவரையொருவர் அப்படி நடத்துவதில்லை என்றும் அவனுக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. என் அனுபவத்தில் அதுதான் பெரிய சிக்கல், ஆனால் யாரும் பேசுவதில்லை. ஃபில்டர் சொல்லைப் பார்க்கிறது. நம் பிள்ளையிடம் சொல்லே இல்லை.

நம் வீட்டில் இதற்கெல்லாம் என்ன சொல் புழங்குகிறது? 'தூரம்', 'அது', 'வீட்டுக்குள்ள வரக்கூடாது', 'பெரியமனுஷி ஆயிட்டா'. ஆண் பிள்ளைக்கு அதுகூட இல்லை. அவனுக்குத் தெரிந்தது தெருவில் சண்டை போடும்போது கேட்ட வசவுகள் மட்டும். ஒரு சந்தேகம் வந்தால் அந்த வசவைத்தான் ஆங்கில எழுத்தில் தட்டுவான், வேறு சொல் தெரியாதே. தேடலில் பாதுகாப்பு வடிகட்டல் இல்லாவிட்டால் அந்தச் சொல்லுக்குக் கதைக் குப்பையும் வீடியோவும் வந்து கொட்டும். வடிகட்டல் இருந்தால் ஒன்றும் வராது. இரண்டு வகையிலும் அவன் சந்தேகம் தீராது. அதே விஷயத்தை 'விந்தணு', 'பூப்பெய்துதல்', 'மாதவிடாய் சுழற்சி' என்று பாடப்புத்தகச் சொல்லில் தமிழிலேயே தேடிப் பாருங்கள், ஃபில்டர் போட்டபடியே. மருத்துவர் எழுதியது, பத்திரிகையின் மருத்துவப் பகுதி, விக்கிப்பீடியா என்று ஓரளவு நல்லதாகவே வரும். சொல் தெரிந்த பிள்ளைக்கு ஃபில்டர் அவ்வளவாக இடைஞ்சல் செய்யாது. சொல் தெரியாத பிள்ளைக்கு ஃபில்டர் இருந்தும் பயனில்லை.

இந்த விஷயத்தில் கீழக்கரை, பெரியபட்டினம் மதரஸாக்களைப் பார்த்து நான் ஆச்சரியப்பட்டதுண்டு. அங்கே தொழுகைச் சட்டம் சொல்லிக் கொடுக்கும்போதே ஹைளு, அதாவது மாதவிடாய் என்றால் என்ன, அது எத்தனை நாள், எப்போது குளிப்பு கடமையாகும் என்று சொல்லியாக வேண்டும். பையனுக்குத் தூக்கத்தில் வெளியானால் குளிப்பு கடமை என்பதும் அதில் சேர்த்திதான். வெட்கத்துக்கு இடமில்லாமல், ஒரு சட்டம் மாதிரி, சொல் வந்துவிடுகிறது. உடம்பின் இயக்கம் முழுக்க அதில் இல்லை, உண்மை. ஆனால் சொல்லவே கூடாத விஷயம் என்ற எண்ணம் அந்தப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் குறைவு என்று என் வீட்டுக்காரியும் சொல்வாள்.

அவள் பள்ளிகளுக்கு வளரிளம் பருவ வகுப்பு எடுக்கப் போகும்போது ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்துப்போவாள். பேர் போடாமல் எதை வேண்டுமானாலும் எழுதிப் போடலாம். அப்படி வந்த ஒரு சீட்டை எனக்குக் காட்டியிருக்கிறாள். எட்டாக மடித்த கணக்கு நோட்டுத் தாள், ஓரம் வியர்வையில் ஊறியிருந்தது. பென்சிலில் எழுதி, அழித்து, மறுபடி எழுதியது: 'ராத்திரி தூக்கத்துல தானா வருது. எனக்கு எய்ட்ஸா. அம்மாட்ட சொல்லாதீங்க.' கேள்விக்குறி கூட இல்லை. அந்தப் பையன் எத்தனை நாள் அந்தப் பயத்தோடு பள்ளிக்கு வந்து போனானோ. வகுப்பில் யார் சீட்டு என்று காட்டாமல், எல்லாருக்கும் சேர்த்து, இது வளர்கிற பையன்களுக்கு இயல்பாக வருவது, வியாதி இல்லை, சத்துப் போய்விடாது என்று சொன்னாளாம். பின் பெஞ்சில் ஒருத்தன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். அவனா, வேறு யாராவதா, அவள் பார்க்கவில்லை.

அந்தச் சீட்டை எழுதியவன் பாட்டிலில் போடாமல் போனில் தேடியிருந்தால் என்ன கிடைத்திருக்கும்? 'நரம்புத் தளர்ச்சி', 'இளமையில் செய்த தவறு', 'ஒரு துளி விந்து இத்தனை துளி ரத்தம்' என்று பேசும் வைத்தியர் வீடியோக்கள். இவை எந்த ஃபில்டரிலும் மாட்டாது. ஆபாசச் சொல் ஒன்றுகூட இல்லையே. முன்பு பேருந்து நிலையச் சுவரில் ஒட்டி, மாதத்துக்கு ஒருநாள் லாட்ஜில் அறை போட்டு உட்கார்ந்திருந்தவர்களின் தொழில்தான் இது, இப்போது போனுக்குள் வந்துவிட்டது. இந்தப் பயத்துக்கு மனநல மருத்துவர் விக் 1960லேயே 'தாத் நோய்க்குறி' என்று பெயர் வைத்திருக்கிறார். இந்த வகை விளம்பரத்தைத் தடுக்க 1954லேயே மருந்து மற்றும் மந்திரத் தீர்வுகள் சட்டம் வந்தாயிற்று. ஆனாலும் ஃபில்டர் தடுத்தது மார்பகப் புற்றுநோய்ப் பக்கத்தை. லேகியக்காரரை உள்ளே விட்டுவிட்டது. ஆபாசமா இல்லையா என்று பார்க்கத்தான் அதற்குத் தெரியும். உண்மையா பொய்யா என்று பார்க்கத் தெரியாது.

பள்ளி பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடலாமா? மாநிலப் பாடத்திட்டத்தில் எட்டாம் வகுப்பு அறிவியலில் வளரிளம் பருவம் பற்றிய பாடம் உண்டு, பத்தாம் வகுப்பில் இனப்பெருக்கம் உண்டு. எழுத்தில் எல்லாம் இருக்கிறது. நடத்தும் இடத்தில்தான் 'வீட்டில் படிச்சுக்கோங்க' ஆகிவிடுகிறது. நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. நான் லேப் அமைத்துக் கொடுத்த ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சர் அந்தப் பாடத்துக்குப் படம் காட்ட ஆசைப்பட்டார். தலைமை ஆசிரியர் வைக்கச் சொன்ன ஃபில்டர் அவரையே மறித்தது. நான் போய்த் திறந்துவிடுவதற்குள் தேர்வு வந்துவிட்டது. மேலே பார்த்தாலும் இதே தயக்கம்தான். 2005ல் மத்திய அரசு தொடங்கிய வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை 2007ல் பல மாநிலங்கள் நிறுத்தின. 2009ல் மாநிலங்களவை மனுக்கள் குழு பள்ளியில் பாலியல் கல்வியே வேண்டாம் என்றது. 2024 செப்டம்பரில் உச்சநீதிமன்றம், குழந்தைகளைக் காட்டும் ஆபாசப் படத்தைப் பார்ப்பதும் வைத்திருப்பதும் குற்றமே என்று, சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பை மாற்றிச் சொன்ன வழக்கில், முழுமையான பாலியல் கல்விக்கும் அரசு யோசிக்க வேண்டும் என்று சேர்த்துச் சொன்னது. சொல்லிக் கொடுத்தால் பிள்ளை செய்து பார்க்கும் என்ற பயம்தான் எல்லாவற்றுக்கும் அடியில். யுனெஸ்கோ 2018ல் வெளியிட்ட வழிகாட்டியில் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து, அப்படி நடப்பதில்லை என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது.

சரி, நீங்கள் தம்மாமில் இருந்தபடி என்ன செய்யலாம்?

போன் வேலை பத்து நிமிடம். மகள் போனை நடு நிலைக்கு மாற்றுங்கள். கூகுள் தேடலின் பாதுகாப்பு வடிகட்டலை எடுக்காதீர்கள், அது இருக்கட்டும், தேடலில் வரும் ஆபாசத்தை மறைக்கும். யூடியூபிலும் வயதுக்கேற்ற நிலைகள் உண்டு. 9 வயதுக்கு மேல் ஒன்று, 13க்கு மேல் ஒன்று, அதற்கும் மேல் இன்னொன்று. பையனை இரண்டாவதில் வையுங்கள். உங்கள் மனைவியையும் குடும்பக் குழுவில் பெற்றோராகச் சேர்த்துவிடுங்கள். கோரிக்கை வந்தால் அவர் பார்க்கட்டும். எல்லாப் பக்கமும் உங்கள் போனுக்கு வந்து நிற்கத் தேவையில்லை. டிஎன்எஸ் ஃபில்டர் போடச் சொல்லி யாராவது சொன்னால், அவசரமில்லை என்று விட்டுவிடுங்கள், இருப்பதே போதும்.

சொல் கொடுக்கும் வேலைதான் கஷ்டமானது. பையன் எட்டாம் வகுப்பில் படித்த அறிவியல் புத்தகம் எடைக்குப் போகாமல் பரணில் கிடந்தால் எடுக்கச் சொல்லுங்கள். அந்தப் பாடத்தை அம்மாவும் மகளும் ஒரு நாள் உட்கார்ந்து வாசிக்கட்டும். அம்மாவுக்கே சில சொல் புதிதாக இருக்கும், அதில் வெட்கம் இல்லை. பையனிடம் நீங்கள்தான் பேச வேண்டும். வீடியோ காலில் முகம் பார்த்துப் பேசினால் இரண்டு பேருக்கும் நாக்கு எழாது. சாதாரணமாகக் கூப்பிடுங்கள், அல்லது வாய்ஸ் மெசேஜ் போடுங்கள். 'எனக்கும் உன் வயசுல வந்துச்சு, யாரும் சொல்லல, பயந்தேன்' என்று தொடங்கினால் மீதி தானாக வரும். வாட்ஸ்அப்பில் வரும் அசிங்கத்தை ஃபார்வர்ட் செய்யாதே என்பதையும் அதோடு சொல்லிவிடுங்கள். குழந்தைகள் இருக்கும் ஆபாசப் படத்தை வைத்திருந்தாலே சட்டம் பாயும், வயது 14 என்றாலும் காவல்துறை வீட்டுக்கு வரும்.

உங்கள் இருவரிடமும் கேட்க முடியாத கேள்வி இருக்கும், அது எல்லாப் பிள்ளைக்கும் இருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் பெயரைச் சொல்லி வையுங்கள். 2014ல் வந்த தேசிய வளரிளம் பருவ நலத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் இந்த வயதினருக்கென்றே ஆலோசகர்கள் இருக்கிறார்கள், எச்ஐவி ஆலோசனை தரும் நம்பிக்கை மையத்திலும் பேசலாம். போனில் என்றால் உடல்நலச் சந்தேகத்துக்கு 104. யாராவது தொந்தரவு செய்தால் 1098, இந்த எண்ணை இரண்டு பிள்ளைகளும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். ஒன்றை மட்டும் முன்கூட்டியே அறிந்திருங்கள்: 18 வயதுக்குக் கீழுள்ள பிள்ளை மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் யாராக இருந்தாலும் போக்சோ சட்டப்படி புகார் செய்தே ஆக வேண்டும். அதனால் ஆலோசகர் 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று எல்லாவற்றுக்கும் வாக்குக் கொடுக்க முடியாது. உடம்பைப் பற்றிச் சந்தேகம் கேட்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அதைப் பிள்ளைகளிடம் பிரித்துச் சொல்லுங்கள். இது தெரியாமல் பயந்து வாயே திறக்காத பிள்ளைகள் நிறைய.

அந்தக் கோரிக்கை இன்னும் உங்கள் போனில் கிடந்தால், இன்றைக்கே அனுமதி கொடுத்துவிடுங்கள். கொடுத்துவிட்டு அவளுக்கு எதுவும் எழுத வேண்டாம், ஏன் தேடினாய் என்று கேட்கவும் வேண்டாம். மனைவிக்கு மட்டும் சொல்லுங்கள். இங்கே சாயங்காலம் ஏழு மணி என்றால் உங்களுக்கு நாலரை. அந்நேரம் கூப்பிட்டால் சமையல் முடிந்து கொஞ்சம் ஓய்வாக இருப்பார், பிள்ளைகளும் டியூஷனில் இருப்பார்கள்.